நகர மன்றத்தின் முப்பது நாள் சிறை: அமெரிக்க வெறுப்புக் குற்றச் சட்டங்கள் ஓர் அறிமுகம்

2023 நவம்பரில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கான்வே என்ற ஊருக்கு அருகே, ஓய்வு பெற்ற ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டை நோக்கி ஒரு சிலுவை எரிந்தது. அதை நட்டுக் கொளுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கத்து வீட்டில் வசித்த வெள்ளையர் இருவர். வேலிக்கு அந்தப் பக்கம், அவர்களது இடத்திலேயே அது எரிந்தது. தம்பதியின் மீது ஒரு பொறிகூட விழவில்லை.

சிலுவையை எரிப்பது என்றால் என்ன என்று தென் மாநிலங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கு கிளக்ஸ் கிளான் அமைப்பினர் கறுப்பினக் குடும்பங்களை ஊரைவிட்டு விரட்டவும், வாக்களிக்கப் போகாமல் தடுக்கவும் பல பத்தாண்டுகளாகக் கையாண்ட மிரட்டல் அது. அடுத்து வருவது கொலை என்பதே அதன் பொருள். காவல்துறை அந்த இருவரையும் கைது செய்தது. ஆனால் மாநிலச் சட்டப் புத்தகத்தில் அவர்கள்மீது பதியக் கிடைத்த பிரிவு, இரண்டாம் நிலைத் தொந்தரவு. ஒருவருக்கு விடாமல் தொலைபேசியில் தொல்லை கொடுப்பவர்மீது பதியக்கூடிய அளவிலான சிறு குற்றம் அது. நாட்டளவிலான புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பின்னர் விசாரணைக்கு வந்தது வேறு கதை. மாநிலத்தின் கையில் இருந்தது இவ்வளவுதான்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் வெறுப்புக் குற்றச் சட்டம் வேண்டும் என்கிறார்கள். 2025 முடியும்வரை அப்படி ஒரு மாநிலச் சட்டம் இல்லாதவை அமெரிக்காவில் இரண்டே மாநிலங்கள்: தென் கரோலினா, வயோமிங். தென் கரோலினாவில் மாநிலச் சட்டமன்றம் அசையாததால் நகர மன்றங்களும் கவுண்டி மன்றங்களும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தாமே சட்டம் இயற்றத் தொடங்கின. இவ்வளவு சிறிய அமைப்புகள் இதில் என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைப் புரிந்துகொண்டால், வெறுப்புக் குற்றம் என்ற கருத்தே தெளிவாகிவிடும்.

முதலில் அடிப்படை. பலர் நினைப்பதுபோல வெறுப்பு என்பது தனியாக ஒரு குற்றம் இல்லை. ஒருவர் தன் மனத்துக்குள் எந்த இனத்தையும் மதத்தையும் வெறுக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்லவும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பெருமளவு இடம் கொடுக்கிறது. வெறுப்புக் குற்றச் சட்டம் வேலை செய்ய வேண்டுமானால் ஏற்கெனவே ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும்: அடி, கொலை, தீ வைப்பு, சொத்துச் சேதம், மிரட்டல். அந்தக் குற்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கப்பட்டது அவருடைய இனம், மதம், பிறந்த நாடு, பாலினம், பாலியல் விருப்பு, உடற்குறை போன்ற ஒன்றின் காரணமாகத்தான் என்று நிரூபணமானால் தண்டனை கூடும். பெரும்பாலான மாநிலச் சட்டங்களின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

ஏன் கூட வேண்டும்? குடிபோதையில் ஒருவன் தெருவில் யாரையோ அடித்தால் அடிபட்டவர் துன்பப்படுகிறார். அதே தெருவில் ஒருவர் தலைப்பாகை கட்டியிருந்ததற்காகவே அடிக்கப்பட்டால், மறுநாள் காலை தலைப்பாகை கட்டிய ஒவ்வொருவரும் வெளியே போகலாமா என்று யோசிக்கிறார்கள். குருத்வாராவில் கூட்டம் குறைகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தாய் தயங்குகிறாள். ஓர் ஆளைத் தாக்கி ஒரு கூட்டத்துக்கே செய்தி அனுப்பும் குற்றம் இது. விளைந்த சேதத்தின் அளவு பெரியது என்பதால் தண்டனையும் பெரியதாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டங்களின் வாதம். எனக்கு இந்த வாதத்தில் ஐயமே இல்லை.

நமக்கு இது புதிய சிந்தனையும் இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதே தளத்தில்தான் நிற்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது இழைக்கப்படும் கடுங்குற்றங்களுக்கு அது கூடுதல் தண்டனை விதிக்கிறது. அங்கும் பெரும் சிக்கல் நோக்கத்தை நிரூபிப்பதாகவே இருந்தது. 'இந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால்' குற்றம் நடந்தது என்று காட்ட முடியாமல் வழக்குகள் சரிந்தன. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 'இந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே' செய்தால் போதும் என்று ஆயுள் தண்டனைக்கான பிரிவு மாற்றப்பட்டது. அமெரிக்கச் சட்டங்கள் இன்னும் 'காரணத்தால்' என்ற கடினமான படியில்தான் நிற்கின்றன.

இப்போது, யார் எந்தச் சட்டத்தை இயற்ற முடியும் என்ற கேள்வி. தமிழ்நாட்டில் கோவை மாநகராட்சியோ மதுரை மாநகராட்சியோ குற்றவியல் சட்டம் இயற்றுவதை நாம் கற்பனை செய்வதில்லை. மாநகராட்சிக்குக் காவல் நிலையமும் கிடையாது. அமெரிக்காவில் நிலை வேறு. பெரும்பாலான நகரங்களுக்குச் சொந்தக் காவல்துறை உண்டு. கவுண்டிக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவரான ஷெரிப் உண்டு. பெரும்பாலான இடங்களில் குற்ற வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் இயங்குகின்றன. நகர மன்றம் சிறு குற்றங்களுக்குச் சட்டம் போடலாம், அதற்கென நகர நீதிமன்றமும் வைத்திருக்கலாம். ஆனால் இந்த அதிகாரம் முழுவதும் மாநிலம் கொடுத்தது. மாநிலம் எவ்வளவு நீளக் கயிறு விடுகிறதோ அவ்வளவு தூரம்தான் நகரம் போக முடியும். தென் கரோலினாவில் நகர நீதிமன்றம் வழக்கமாக விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனை 30 நாள் சிறை, 500 டாலர் அபராதம்.

மேலே கூட்டாட்சி அரசு இருக்கிறதே, அது போதாதா? 2009 அக்டோபரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மாத்யூ ஷெப்பர்ட் - ஜேம்ஸ் பர்ட் சட்டம் இருக்கிறது. 1998இல் கொல்லப்பட்ட இருவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஷெப்பர்ட் ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக வயோமிங்கின் லாரமி ஊரில் தாக்கப்பட்டு வேலியில் கட்டி விடப்பட்ட மாணவர். பர்ட், டெக்சாஸின் ஜாஸ்பர் ஊரில் வெள்ளை இனவெறியர்கள் வண்டியில் கட்டி இழுத்துக் கொன்ற கறுப்பினத்தவர். இந்தச் சட்டம் வலுவானது. ஆனால் இதன்கீழ் வழக்குத் தொடர வாஷிங்டனில் உள்ள நீதித் துறையின் ஒப்புதல் சான்று வேண்டும். பாலினம், பாலியல் விருப்பு, உடற்குறை சார்ந்த குற்றங்களில், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தோடு ஏதாவது தொடர்பையும் காட்ட வேண்டும். கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் சில பெரிய வழக்குகளைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஒரு கோயில் சுவரில் சாயம் பூசப்பட்டதற்கோ, கடை வாசலில் நின்று மிரட்டியதற்கோ கூட்டாட்சி இயந்திரம் நகர்வது அரிது.

தென் கரோலினாவிலேயே இரண்டு வழக்குகள் இதற்குச் சான்று. முதலாவது உலகறிந்தது. 2015 ஜூன் 17, புதன்கிழமை மாலை, சார்ல்ஸ்டன் நகரின் கால்ஹூன் தெருவில் இருக்கும் மதர் இமானுவேல் தேவாலயத்தில் விவிலியப் படிப்பு நடந்தது. கறுப்பினத்தவரின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று அது. உள்ளே வந்த வெள்ளை இளைஞன் ஒருவனை அவர்கள் வரவேற்று உட்கார வைத்தார்கள். அவன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கண்மூடி ஜெபிக்கும் நேரத்தில் துப்பாக்கியை எடுத்து ஒன்பது பேரைக் கொன்றான். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் போதகர் கிளெமென்டா பின்க்னி. அவர் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினரும்கூட. கொலையாளி டிலன் ரூஃப்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வெறுப்புக் குற்றங்கள் உள்ளிட்ட 33 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. 2017 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மாநில நீதிமன்றத்தில் அவன் ஒப்புக்கொண்டதோ வெறும் கொலைக் குற்றங்களைத்தான். வெறுப்பைச் சுட்டிக்காட்ட மாநிலத்திடம் ஒரு பிரிவுகூட இருக்கவில்லை.

இரண்டாவது, 2019இல் ஆலண்டேல் கவுண்டியில் ஒரு திருநங்கை சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு. 2024 பிப்ரவரியில் கொலம்பியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் கொலையாளி குற்றவாளி என்று பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழுவான ஜூரி தீர்ப்பளித்தது. பாலின அடையாளத்தின் காரணமாக நடந்த வெறுப்புக் குற்றம் ஒன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் முழு விசாரணைக்கு வந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. கொலை நடந்து நான்கரை ஆண்டுகள் கழித்து, அதுவும் வாஷிங்டன் முனைந்ததால்தான் அது நடந்தது.

பின்க்னி செனட்டில் உட்கார்ந்திருந்த இருக்கையில் கறுப்புத் துணி போர்த்தி அஞ்சலி செலுத்தினார்கள். அதே மாநிலச் சட்டமன்றம், கொலைகள் நடந்து ஒரு மாதம் முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைத் திரட்டி, சட்டமன்ற வளாகத்தில் பறந்த கான்ஃபெடரேட் கொடியை, அதாவது அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடியை, இறக்கியது. 2015 ஜூலை 10 அன்று கொடி இறங்கியது. முடியும் என்று நினைத்தால் அந்த அவையால் எவ்வளவு வேகமாக நகர முடியும் என்பதற்கு அது சாட்சி. அதனால்தான் பின்னர் வந்த தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பின்க்னியின் பெயரிலேயே வெறுப்புக் குற்ற மசோதா ஒன்று வந்தது. வன்முறைக் குற்றத்தில் வெறுப்பு நோக்கம் நிரூபணமானால் ஐந்து ஆண்டுகள் வரை கூடுதல் சிறை என்பது அதன் சாரம். 2021இல் மாநிலப் பிரதிநிதிகள் அவையில் 79க்கு 29 என்று நிறைவேறியது. பழமைவாதக் குடியரசுக் கட்சி பெரும்பான்மை வகிக்கும் அவை அது என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கட்சியினர் பலர் ஆதரித்து வாக்களித்தார்கள். செனட்டுக்குப் போனது, விவாதத்துக்கு எடுக்கப்படாமலே கூட்டத்தொடர் முடிந்தது. 2023இல் மறுபடியும் பிரதிநிதிகள் அவை 84க்கு 31 என்று நிறைவேற்றியது. மறுபடியும் செனட்டில் தூங்கியது. எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தால்கூட மக்களுக்கு ஒரு கணக்கு கிடைத்திருக்கும். வாக்கெடுப்புக்கே விடாமல் கிடப்பில் போட்டால் யாரிடம் கணக்குக் கேட்பது?

இங்கேதான் நகரங்கள் வருகின்றன. 2018 நவம்பரில் சார்ல்ஸ்டன் நகர மன்றம், மாநிலத்திலேயே முதலாவதாக வெறுப்புக் குற்றச் சட்டவிதி ஒன்றை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு தலைநகர் கொலம்பியா நிறைவேற்றியது. பின்னர் வேறு பல நகரங்களும், கொலம்பியாவைச் சுற்றியுள்ள ரிச்லாண்ட் போன்ற கவுண்டிகளும் அந்த வழியில் வந்தன. இவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மாநிலச் சட்டப்படி ஏதோ ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். அது ஆளின் இனம், மதம் முதலியவற்றின் காரணமாக மிரட்டும் நோக்கத்தோடு செய்யப்பட்டது என்றால், அந்த மிரட்டல் தனியாக இன்னொரு சிறு குற்றமாகும். அதற்கு 30 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம்.

கணக்கைப் பாருங்கள். ஒருவன் தன் அண்டை வீட்டாரின் கார் கண்ணாடியை உடைத்து அதில் இனவெறிச் சொல்லை எழுதிவைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சொத்துச் சேதத்துக்கான வழக்கு ஒன்று. நகரச் சட்டவிதியின்படி மேலும் 30 நாள் கிடைக்கலாம். அந்த அளவுக் குற்றத்துக்கு அது கணிசமான கூடுதல்தான். அதே ஆள் துப்பாக்கியை எடுத்து அண்டை வீட்டாரைச் சுட்டுக் காயப்படுத்தினால்? கொலை முயற்சிக்குப் பல பத்தாண்டுச் சிறை வரலாம். அதில் வெறுப்பு என்ற பகுதிக்கு நகரத்தால் சேர்க்க முடிவதும் அதே 30 நாள்தான். குற்றம் பெரிதாகப் பெரிதாக நகரத்தின் தண்டனை ஒன்றுமில்லாததாகச் சுருங்குகிறது. நகர எல்லைக்கு வெளியே ஒரு மைல் தள்ளி நடந்தால் அதுவும் இல்லை. ஒரே நெடுஞ்சாலையில் இரண்டு பெட்ரோல் பங்க். ஒன்றில் நடந்தால் வெறுப்புக் குற்றம், மற்றொன்றில் நடந்தால் இல்லை. பாதுகாப்பு என்பது இப்படி முகவரியைப் பொறுத்து மாறக் கூடாது.

இது மேயர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் நிறைவேற்றுகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் நோக்கம் இரண்டு. ஒன்று, கையில் இருப்பதையாவது உடனே பயன்படுத்துவது. மற்றொன்று, மாநிலத்தை நெருக்குவது. ஒவ்வொரு நகரமும் சட்டவிதி நிறைவேற்றும்போது அந்தத் தொகுதியின் செனட்டர், தன் சொந்த ஊரே கேட்கும் ஒன்றைத் தான் தடுத்துக்கொண்டிருப்பதாகப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வருகிறார். சட்டவிதியோடு, மாநிலச் சட்டம் வேண்டும் என்று கேட்கும் தீர்மானங்களும் உண்டு. தீர்மானத்துக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனாலும் இவை எல்லாமாகச் சேர்ந்து ஒரு குரலாகின்றன. மாநில வணிகக் கழகமும் பெரிய நிறுவனங்களும்கூட இந்த மசோதாவை ஆதரித்தன. வெளியூரிலிருந்து வேலைக்கு ஆள் அழைத்து வரும்போது 'உங்கள் மாநிலத்தில் ஏன் அந்தச் சட்டம் இல்லை' என்ற கேள்வி அவர்களைத்தான் முதலில் குத்துகிறது.

எதிர்ப்பாளர்கள் சொல்வதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர்களுடைய முக்கிய வாதம், கொலைக்குக் கொலைக்குரிய தண்டனை இருக்கிறது என்பது. ரூஃபுக்கு மாநில நீதிமன்றம் ஒன்பது ஆயுள் தண்டனை விதித்தது; அதன்மேல் ஐந்து ஆண்டு கூட்டி என்ன பயன் என்று கேட்கிறார்கள். எண்ணங்களைத் தண்டிப்பது அரசின் வேலையா என்றும் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலான வெறுப்புக் குற்றங்கள் கொலை இல்லை. மிரட்டல், சுவரில் எழுதுதல், கல்லெறிதல், தள்ளிவிடுதல் போன்றவைதாம் ஏராளம். அந்த அடுக்கில்தான் சட்டத்தின் இடைவெளி வாழ்க்கையைப் பாதிக்கிறது. கான்வேயில் எரிந்த சிலுவை அந்த அடுக்கில் இருப்பதுதான். (தென் கரோலினா மசோதாவே வன்முறைக் குற்றங்களோடு நின்றுவிடுவது அதன் குறை என்றும் நினைக்கிறேன்.) இரண்டாவது கேள்வி ஆழமானது. அதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கோடு எங்கே விழுகிறது என்று புரியும்.

1990இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் இளைஞர்கள் சிலர் நாற்காலிக் கால்களை ஒட்டிச் செய்த சிலுவையை எரித்தார்கள். அந்த நகரத்துக்குச் சொந்தமாக ஒரு சட்டவிதி இருந்தது: இனம், மதம், பாலினம் போன்றவற்றின் அடிப்படையில் கோபத்தையோ அச்சத்தையோ கிளப்பும் என்று தெரிந்தே எரியும் சிலுவை, நாஜிச் சின்னம் போன்றவற்றை வைப்பது குற்றம். 1992இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. சிலுவை எரித்தது சரி என்று நீதிபதிகள் சொல்லவில்லை; தீ வைப்பு, அத்துமீறல், மிரட்டல் என்று வேறு சட்டங்களின்படி தண்டிக்கலாம் என்றார்கள். அந்தச் சட்டவிதி குறிவைத்தது கருத்தை, சில கருத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து. அதுதான் பிழை.

மறு ஆண்டே வந்தது விஸ்கான்சின் வழக்கு. கெனோஷா நகரில் 1989இல் கறுப்பின இளைஞர்கள் சிலர், அந்தப் பக்கம் வந்த வெள்ளைச் சிறுவன் ஒருவனை இனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து நினைவிழக்கும்வரை அடித்தார்கள். அடிக்கத் தூண்டியவருக்கு அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள்தான் வந்திருக்கும். ஆளை இனம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தண்டனை கூடும் என்ற மாநிலச் சட்டத்தால் நான்கு ஆண்டுகள் கிடைத்தன. 1993இல் உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாக ஏற்றது. தண்டிக்கப்படுவது அடி என்ற செயல். நோக்கம் தண்டனையின் அளவைத் தீர்மானிக்க உதவுகிறது, அவ்வளவுதான். நோக்கத்தைப் பார்த்துத் தண்டனை கூட்டுவதும் குறைப்பதும் நீதிமன்றங்கள் காலங்காலமாகச் செய்துவருவதே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இங்கே பாதுகாக்கப்பட்டவன் வெள்ளைச் சிறுவன். இந்தச் சட்டங்கள் சிறுபான்மையினருக்கு மட்டும் சலுகை தருபவை என்று பேசுகிறவர்கள், இந்தத் தீர்ப்பைப் படித்தால் நல்லது.

ஆக, நகர மன்றம் சட்டவிதி எழுதும்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மிக முக்கியம். செயின்ட் பாலைப்போல எழுதினால் முதல் வழக்கிலேயே விழும். சார்ல்ஸ்டனைப்போல முதலில் ஒரு குற்றம் வேண்டும் என்று எழுதினால் நிற்கும். மூன்றாவதாக ஒரு காவலும் உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து வந்த அப்ரெண்டி வழக்கில், 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அதிகபட்சத் தண்டனையை மீறிக் கூட்டக் காரணமாகும் எந்த உண்மையையும் நீதிபதி தானே முடிவு செய்யக் கூடாது, ஜூரியின் முன் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்றது. நோக்கத்தை நிரூபிப்பதற்கு அந்த ஆள் சொன்ன வார்த்தைகள், அனுப்பிய குறுஞ்செய்திகள், முன்பு செய்தவை ஆகியவைதாம் சான்றுகள். மனத்தைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது என்பதால் பல வழக்குகளில் அரசு வழக்கறிஞர்கள் வெறுப்புப் பிரிவையே விட்டுவிடுகிறார்கள்.

சொற்களைப் பார்த்து எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமான ஜார்ஜியா நல்ல பாடம். அங்கே 2000ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. எந்தெந்தப் பிரிவினர் என்று பட்டியலிட்டால் சண்டை வரும் என்று, 'பாரபட்சம் அல்லது முன்முடிவு' காரணமாகச் செய்த குற்றம் என்று பொதுவாக எழுதி நிறைவேற்றினார்கள். 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. எதிரணித் தொப்பி அணிந்தவரை மிரட்டும் விளையாட்டு வெறியரும், எதிர்க்கட்சியின் விளம்பரப் பலகையைக் கெடுக்கும் தேர்தல் தொண்டரும்கூட இந்தச் சட்டத்தில் சிக்குவார்கள்; இவ்வளவு தெளிவில்லாத சட்டம் எப்படி நிற்கும் என்று கேட்டது. அரசியல் வசதிக்காகப் பெயர் சொல்லாமல் விட்டதே சட்டத்துக்கு எமனாயிற்று.

அதன்பின் பதினாறு ஆண்டுகள் ஜார்ஜியாவுக்குச் சட்டம் இல்லை. இடையில் அட்லாண்டாவின் வடக்குப் புறநகரான சாண்டி ஸ்பிரிங்ஸ் போன்ற நகரங்கள் தாமே சட்டவிதி இயற்றின. 2020 பிப்ரவரி 23 அன்று, பிரன்ஸ்விக் ஊருக்கு அருகே ஓடிக்கொண்டிருந்த அகமது ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். இரண்டு மாதங்களுக்கு மேல் யாரும் கைதாகவில்லை. கொலையின் காணொளி வெளிவந்தபிறகு நாடே கொதித்தது. அதே ஆண்டு ஜூன் 26 அன்று ஆளுநர் பிரையன் கெம்ப் வெறுப்புக் குற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த முறை இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், பாலியல் விருப்பு, உடல் மனக் குறைபாடு என்று பெயர் சொல்லி எழுதினார்கள். சிறு குற்றத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதம், பெருங்குற்றத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கூடுதல். ஆனால் ஆர்பெரி கொலைக்கு அந்தச் சட்டம் பயன்படவில்லை. குற்றம் நடந்தபின் வந்த சட்டத்தால் தண்டிக்க முடியாது. அந்த மூவரும் மாநில நீதிமன்றத்தில் கொலைக்காகவும், 2022 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வெறுப்புக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டார்கள். தாமதத்தின் விலை இதுதான்: யாருடைய மரணத்தால் சட்டம் வந்ததோ, அவருக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை.

சட்டம் வந்துவிட்டால் உள்ளூரின் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. 2021 மார்ச் 16 அன்று ஜார்ஜியாவில் ஒரே ஆள், ஒரே நாளில், மூன்று மசாஜ் நிலையங்களில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். ஆறு பேர் ஆசியப் பெண்கள். ஒரு நிலையம் செரோக்கி கவுண்டியில் இருந்தது. இரண்டு, அட்லாண்டா நகரை உள்ளடக்கிய ஃபுல்டன் கவுண்டியில். செரோக்கியின் அரசு வழக்கறிஞர், இன வெறுப்புக்குச் சான்று கிடைக்கவில்லை என்று முடிவெடுத்தார். கொலையாளி அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான். ஃபுல்டனின் அரசு வழக்கறிஞர் ஃபானி வில்லிஸ், மரண தண்டனையோடு வெறுப்புக் குற்றத்துக்கான கூடுதல் தண்டனையும் கேட்கப்போவதாக அறிவித்தார். ஒரே சட்டம், ஒரே நாள், ஒரே துப்பாக்கி. கவுண்டி எல்லையைத் தாண்டியதும் முடிவு மாறியது. மாநிலச் சட்டம் இருந்தும் அதை எடுத்துப் பயன்படுத்துவது உள்ளூர் அலுவலர்கள்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி, குறைவாகப் பேசப்படும் ஒன்று: பதிவு. எனக்கு இதுதான் தண்டனையைவிட முக்கியமாகப் படுகிறது. 1990இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டப்படி எஃப்பிஐ ஒவ்வோர் ஆண்டும் வெறுப்புக் குற்ற எண்ணிக்கையைத் தொகுக்கிறது. 2023க்கு வந்த கணக்கு 11,862 சம்பவங்கள். ஆனால் உள்ளூர்க் காவல் அமைப்புகள் கணக்குக் கொடுப்பது அவற்றின் விருப்பம், கட்டாயம் இல்லை. கொடுப்பவற்றில் மிகப் பல, தங்கள் ஊரில் பூஜ்ஜியம் என்று எழுதிக் கொடுக்கின்றன. ஊரில் வெறுப்புக் குற்றமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. முதலில் போய்ப் பார்த்த காவலருக்கு அதை அப்படிப் பதியப் பயிற்சியும் இல்லை, படிவத்தில் இடமும் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். நகரச் சட்டவிதி வந்தால் அந்தக் காவலர் 'இது ஏன் நடந்தது' என்று கேட்டு எழுத வேண்டியவர் ஆகிறார். ஜார்ஜியாவின் 2020 சட்டம், வெறுப்புக் குற்றமாகத் தோன்றும் சம்பவத்தில் யாரும் கைதானாலும் ஆகாவிட்டாலும் காவலர் தனி அறிக்கை எழுத வேண்டும் என்றது இதனால்தான். எண்ணிக்கை இல்லாத துயரத்துக்கு நிதியும் வராது, கவனமும் வராது.

இந்தியக் குடும்பங்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஒரு வெள்ளை இனவெறியன் துப்பாக்கியோடு புகுந்து சீக்கியர்களைச் சுட்டான். அப்போது எஃப்பிஐ படிவத்தில் சீக்கியர்களுக்கு எதிரான குற்றம் என்று குறிக்கக் கட்டமே இல்லை, இந்துக்களுக்கு எதிரானது என்றும் இல்லை. அதன்பிறகு எழுந்த கோரிக்கையால் 2015 முதல்தான் அவை தனியாகப் பதிவாகின்றன.

வயோமிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஷெப்பர்டின் பெயரில் கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. அவர் தாக்கப்பட்ட மாநிலத்தில் 2025 முடியும்வரை அப்படி ஒன்று இல்லை. லாரமி நகர மன்றம் 2015இல், வேலையிலும் வீட்டு வாடகையிலும் ஓரினச் சேர்க்கையாளரையும் திருநரையும் ஒதுக்குவதைத் தடை செய்தது. தலைநகர் ஷாயென் பின்னர் சொந்தமாக வெறுப்புக் குற்ற விதி இயற்றியது. அங்கும் மாநிலம் நிற்க, ஊர்கள்தான் முன்னே நடக்கின்றன.

தென் கரோலினா போன்ற மாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். உங்களுக்கோ அண்டை வீட்டாருக்கோ இப்படி ஏதாவது நடந்தால், காவலரிடம் நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். அந்த ஆள் என்ன வார்த்தைகளைச் சொன்னான், எதைப் பார்த்துச் சொன்னான், முன்பு எப்போதெல்லாம் சொன்னான் என்பதை அப்படியே சொல்லுங்கள். வெறுப்புக் குற்றமாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். செய்திகளையும் படங்களையும் அழித்துவிடாதீர்கள். அருவருப்பில் பலர் முதலில் செய்வது அதுதான், நோக்கத்தை நிரூபிக்கும் சான்றும் அதுதான். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சம்பவம் நடந்த இடம் நகர எல்லைக்குள் இருக்கிறதா, கவுண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்துக்குச் சட்டவிதி உண்டா என்பதை நகர மன்றச் செயலரிடம் கேட்டால் சொல்வார்கள். இல்லை என்றால், நகர மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் எழுந்து பேசுவதற்கென்று நேரம் ஒதுக்குவது வழக்கம். பேச விரும்புகிறவர் கூட்டம் தொடங்கும் முன் பெயர் கொடுத்தால் போதும், சில நிமிடங்கள் கிடைக்கும். பல ஊர்களில் குடியுரிமை பெற்றவரா என்று யாரும் கேட்பதுமில்லை.